பழைய வேட்டியும் துணி டயாப்பரும்

பிறந்த குழந்தைக்கு எந்தத் துணி டயாப்பர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்தி வேட்டியைக் கிழித்து, முக்கோணமாக மடித்துக் கட்டினாலே தொடக்கத்திற்குப் போதும் என்றுதான் சொல்கிறேன். முதல் ஓரிரு நாட்களில் வெளியேறும் கரும்பச்சை மலம் தார்போல ஒட்டிக்கொள்ளும். அதற்கு விலை கொடுத்து வாங்கிய துணியைப் பலியிடுவானேன்? மேலும், முதல் வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு 6 முறையாவது சிறுநீர் கழிப்பது பால் போதுமான அளவு கிடைப்பதற்கான அடையாளங்களில் ஒன்று என்பதால், ஈரத்தை உடனே காட்டிவிடும் வெறுந்துணி தாய்க்கு உதவியாகவே இருக்கிறது.

மலம் பட்ட துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, அதன் பிறகே சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் துவைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் கறை இழையோடு படிந்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழைகளின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கின்றன. தங்கிவிடும் சோப்பு குழந்தையின் தோலை உறுத்தும் என்பதால், நுரை முற்றிலும் நிற்கும்வரை அலசுவது அவசியம். கடைசி அலசலில் கிருமிநாசினி ஊற்றச் சொன்ன வீட்டுப் பெரியவர்களிடம், மொட்டைமாடி வெயிலே போதும் என்று மறுத்துவிட்டேன். மஞ்சள் கறையையும் அந்த வெயிலே வெளுத்துவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும், மின்விசிறியின் கீழ் உலர்த்தி இஸ்திரி போடுவதைத் தவிர வேறு வழியில்லை. துணி டயாப்பரின் மேல் போடும் நீர்புகா மேலுறைக்கு மட்டும் இஸ்திரிப் பெட்டி ஆகாது.