தூறல் நாளில் கங்கமாகஸ் சாலை

இலையுதிர்காலத்தைப் படமெடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் வெயிலுக்காக வேண்டிக்கொள்வார்கள். எனக்கென்னவோ மேகம் மூடி லேசாகத் தூறினால்தான் கேமராவைத் தூக்கவே கை பரபரக்கும்.

பாஸ்டனிலிருந்து வடக்கே சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டினால் நியூ ஹாம்ப்ஷையரின் லிங்கன் என்ற சிற்றூர். அங்கே தொடங்கி கான்வே வரை, வெள்ளை மலைக் காட்டுக்குள் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வளைந்து போகிறது கங்கமாகஸ் நெடுஞ்சாலை. வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, சாப்பாட்டுக் கடையும் கிடையாது. லிங்கனிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு, கட்டிவந்த புளிசாதத்தோடு கிளம்புவது எங்கள் வழக்கம். சும்மா ஓட்டினால் ஒரு மணி நேரம்தான். கேமரா கையிலிருந்தால் பகல் முழுக்கப் போதாது.

பொதுவாக, செப்டம்பர் கடைசியில் உயரத்தில் பிடிக்கும் நிறம் அக்டோபர் நடுவுக்குள் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும். மேப்பிள் சிவப்பு, பிர்ச் மஞ்சள், பீச் செம்பு நிறம். நடுநடுவே ஊசியிலை மரங்கள். அந்தக் கரும்பச்சை இல்லையென்றால் சிவப்பு இத்தனை எடுப்பாக இருக்காது என்பது என் கட்சி. மஞ்சள் கோடையிலேயே இலைக்குள் இருப்பதுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிருமாக இருந்தால், தேங்கிய சர்க்கரையைக் கொண்டு இலை அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. அதனால்தான் ஒரு வருடத்துச் சிவப்பு மறுவருடம் வருவதில்லை.

ஆக, நிறம் ஏற வெயில் வேண்டும்தான். படத்துக்கு வேண்டாம். உச்சி வெயிலில் இலைகளின் மேல்பக்கம் பளபளத்து வெள்ளைத் திட்டுகளாகப் பதியும், நிழல் கறுத்துப்போகும். மேகத்தில் வெளிச்சம் சீராகப் பரவும். நனைந்த மரப்பட்டை கறுத்து, அதில் ஒட்டியிருக்கும் ஒற்றை மஞ்சள் இலைகூடத் தனியாகத் தெரியும். ஈர இலையிலும் மினுமினுப்பு உண்டு, அதற்குத்தான் லென்ஸின் முன்னே மாட்டும் போலரைசர் ஃபில்டர். கண்ணை வியூஃபைண்டரில் வைத்து வளையத்தை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் மினுமினுப்பு சட்டென்று விலகி, அழுக்குத் துடைத்த ஓவியம் போல அடியிலிருக்கும் நிறம் மேலே வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத நொடி அது. வெளுத்த வானம் மட்டும் ஃப்ரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸை நம்பாதீர்கள். இந்த ஆரஞ்சையெல்லாம் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு வெளிறடித்துவிடும். நான் மேகமூட்டத்துக்கான ‘க்ளௌடி’யில் வைத்துவிடுவேன். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்றும் ஒரு பார்வை; முட்டினால் சிவப்பின் நுணுக்கம் போய்விடும்.

வழியில் வரும் சபடே அருவிக்கு, காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அங்கே ட்ரைபாட் போட்டு ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைத்தால், சுழலில் மிதக்கும் இலைகள் தண்ணீரில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டிருக்கும். ஸ்விஃப்ட் ஆற்றின் மேல் 1858இல் கட்டிய ஆல்பனி மரப்பாலம் எல்லோருடைய கேமராவிலும் இருக்கும். அழகுதான், ஆனால் எனக்கு அருவிதான்.

அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் இந்தப் பக்கம் வராதீர்கள், கார்கள் ஊர்ந்துதான் போகும். மழை என்று வானிலை அறிக்கை சொல்லும் ஒரு வேலைநாளாகப் பாருங்கள். ஒரு குடை, லென்ஸ் துடைக்க உலர்ந்த துணி இரண்டு, அவ்வளவுதான். அருவிக்கு நடக்கத் தொடங்கும் இடத்திலேயே பார்க்கிங்கும் கிடைத்துவிடும்.