கஷ்டகாலத்தில் பிடி அரிசி

சபையில் பாதிப் பேருக்கு வேலை இல்லை, கடை வைத்திருப்பவர்கள் வாடகைக்கே திணறுகிறார்கள், இந்த நேரத்தில் காணிக்கையைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று ஒவ்வொரு நெருக்கடியிலும் ஒரு வாக்குவாதம் வருகிறது. பேசலாம், பேசத்தான் வேண்டும். சபைக்குள்ளேயே அடுப்பு எரியாத வீடுகள் இருக்கும்போது கொடுப்பதைப் பற்றிப் பேசாமல் வேறு எப்போது பேசுவது? ஆனால் யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், எதற்குக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த விஷயத்துக்கு வழக்கமாக எடுக்கிற வேதவசனம், பவுல் கொரிந்து சபைக்கு எழுதின இரண்டாம் கடிதத்தில், 2 கொரிந்தியர் 8. மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் மிகுந்த உதாரத்துவமாய்க் கொடுத்தார்கள் என்று அழுத்தி வாசித்துவிட்டுக் காணிக்கைப் பையை நீட்டிவிடுகிறோம். அதே அதிகாரத்தில் பத்து வசனம் தள்ளி பவுல் சொல்வதை அவ்வளவு அழுத்தி வாசிப்பதில்லை: ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பணம் கட்டடத்துக்கோ கோபுரத்துக்கோ சேர்த்ததில்லை, எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்குச் சேர்த்தது. இதை விட்டுவிட்டு, கடன் வாங்கியாவது விதை, நூறு மடங்கு அறுப்பாய் என்று வட்டிக்கு வாங்கிக் குடும்பம் நடத்துகிறவரிடம் சொல்வது எனக்குப் பொறுக்கவே முடியாத காரியம்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. சோறு வடிக்க அரிசி களையும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கோயிலில், அதாவது சர்ச்சில், இருக்கிற பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். பொன்னி அரிசி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். கொட்டிய பிறகு எது யாருடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, எனக்கு இந்தப் பழக்கத்தில் ரொம்பப் பிடித்ததே அதுதான். ஐந்நூறு ரூபாய் கவர் போடுகிறவருக்கும் ஒன்றும் போட முடியாமல் பை வரும்போது கையை மூடி உள்ளே விடுகிற அக்காவுக்கும் அந்தப் பாத்திரத்துக்கு முன்னால் வித்தியாசம் இல்லை.

மிசோரத்தில் இதை இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். அங்கே பெண்கள் ஒவ்வொரு வேளை சமையலுக்கும் ஒரு பிடி அரிசி ஒதுக்குகிற வழக்கம் 1910-இல் தொடங்கியது, பூஃபை தாம் என்று அதற்குப் பெயர். தொடங்கிய சூட்டோடு 1911-12-இல் மௌதாம் பஞ்சம் வந்தது, மூங்கில் பூத்து, எலி பெருகி, வயலில் இருந்ததையெல்லாம் தின்று தீர்த்த பஞ்சம். அதையும் தாண்டி அந்த வழக்கம் நின்றது. இன்றைக்கும் மிசோ பிரஸ்பிட்டேரியன் சபைக்கு வருகிற காணிக்கையில் அந்த அரிசி சின்ன விஷயம் இல்லை. பணம் புழங்காத வீட்டிலும் அரிசி களைகிற கை ஒன்று இருக்கும் என்பதைக் கண்டுகொண்ட பெண்கள் அவர்கள்.

2020 ஊரடங்கில் கோயில் பூட்டிக் கிடந்தபோது எங்கள் பக்கத்தில் இதே காரியம்தான் வேறு ரூபத்தில் நடந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் போனிலேயே விசாரித்து, எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்த வீட்டில் சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். அப்புறம் வாசலில் பை வந்து நிற்கும், யார் அனுப்பியது என்று ஒரு வார்த்தை இருக்காது. கட்டட வேலைக்குப் போகிற ஒரு அண்ணன் தனக்கு வந்த பையில் இருந்தே பருப்பைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார், அந்த வீட்டார் நம் சபையே இல்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால் கமிட்டியில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தை நடத்துங்கள், ஒரு முருங்கைக்காய்க் கட்டை வசதியானவர்கள் போட்டி போட்டு ஆயிரத்துக்கு எடுக்கட்டும், எடுத்தவரே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் போகட்டும், அந்தச் சந்தோஷத்தை நானும் விடமாட்டேன். ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிப்பதை இந்த ஒரு வருஷமாவது நிறுத்துங்கள். வந்த பணத்தில் எவ்வளவு ஏழைகள் நிதிக்குப் போனது என்பதைக் கணக்காக எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள், வாங்கியவர்கள் பெயர் வேண்டாம், தொகை மட்டும் போதும். சுற்றுச்சுவர் வேலை அடுத்த வருஷத்துக்குப் போகட்டும். பழைய பிடி அரிசிப் பாத்திரம் ஸ்டோர் ரூமில்தான் கிடக்கிறது, அதைத் தேய்த்துக் கொண்டுவந்து வைப்பதற்கு சபைப் போதகரான ஐயரிடம் நானே பேசுகிறேன்.