வார்ட்பர்க் கோட்டையில் ஓர் அறை

ஜெர்மனியின் ஐசெனாக் ஊரிலிருந்து காட்டுப் பாதையில் மலையேறிப் போனால் வார்ட்பர்க் கோட்டை. பெரிய மண்டபங்களை வேகமாகக் கடந்துவிட்டேன். எனக்குப் பார்க்க வேண்டியது, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் அறை.

1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால், திருச்சபையை எதிர்த்து எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன் என்று சொல்லிவிட்டார் லூதர். ஊர் திரும்பும் வழியில், மே 4 அன்று, குதிரை வீரர்கள் அவரைக் கடத்தினார்கள். கடத்தச் சொன்னதே அவரைக் காக்க நினைத்த சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக்தான். அப்புறம் பத்து மாதம், தாடி வளர்த்து, ‘யோர்க்’ என்ற பெயரில் இங்கே ஒளிந்திருந்தார்.

சின்ன அறை. பலகை அடித்த சுவர், கணப்பு, மேசை. தரையில் கால்மணை போல ஒரு திமிங்கலத்தின் முதுகெலும்புத் துண்டு. சாத்தான்மேல் அவர் மைக்கூட்டை எறிந்த கறை என்று சொல்லி, வந்தவர்களெல்லாம் சுரண்டிச் சுரண்டி எடுத்துப் போக, இப்போது பெயர்ந்த காரைதான் மிச்சம்.

அந்தக் கதையைவிட, இங்கே நடந்த வேலைதான் எனக்குப் பெரிது. எராஸ்மஸ் என்ற அறிஞர் பதிப்பித்த கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு, பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதையும் சுமார் 11 வாரத்தில் ஜெர்மனில் எழுதி முடித்தார். 1522 செப்டம்பரில் விட்டன்பர்க்கில் அச்சாகி, டிசம்பரிலேயே மறுபதிப்பு வந்தது. வீட்டில் தாயிடமும், தெருவில் பிள்ளைகளிடமும், சந்தையில் சாதாரண மனிதனிடமும் கேட்டு, அவர்கள் வாயைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்று 1530இல் எழுதினார். அதே லூதர் 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதியதைப் படித்தால் மனம் கசந்துபோகிறது. அதையும் சேர்த்தேதான் அந்த அறையில் நின்றேன்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு, லூதரின் வழியில் வந்தவர். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்துவிட்டுத்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார்.

கீழே இறங்கி, சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ரொட்டி வாங்கினேன். பள்ளிப் பையனாக லூதர் வீட்டு வாசல்களில் பாடி ரொட்டி கேட்ட ஊர் இது. கடைக்கார அம்மா ‘ப்ரோட்ஷென்’ (சின்ன ரொட்டி) என்றார். நான் சொன்னது சரியில்லை போல. உதட்டைக் காட்டி மெதுவாக இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது முறை வாய்க்கு வந்துவிட்டது.