தட்டான் லார்வாவ பக்கத்துல வச்சி படம் புடிக்கது

தாமிரபரணி வாய்க்கால்ல பாசிக்குள்ள கெடக்குற தட்டான் லார்வாவ மேலருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, மண்ணு கலர்ல ஏதோ ஒரு பூச்சி, அவ்ளோதான். மேக்ரோ லென்ஸ்ல, அதான் சின்னத கிட்டருந்து பெருசா காட்டுற லென்ஸ்ல, பக்கவாட்டுல பாக்கணும், அப்பதான் மூஞ்சிக்கு அடில மடிச்சி வச்சிருக்க கீழுதடு தெரியும், தலப்பிரட்டையோ மீன்குஞ்சோ கிட்ட வந்தா சட்டுனு அத நீட்டி கவ்வி இழுத்துரும், அந்த வேகம் நம்ம கண்ணுக்கு சிக்கவே சிக்காது. எத்தன தடவ பாத்தாலும் எனக்கு சலிக்கல.

ஒடுக்கமான கண்ணாடி தொட்டிலதான் எடுக்கேன், அகலமா இருந்தா பூச்சி முன்ன பின்ன போயி ஃபோகஸ் போயிரும்லா. தண்ணி அதே வாய்க்கால் தண்ணிதான், துணில வடிகட்டி தெளிய விட்டது. லென்ஸ் கண்ணாடிக்கு நேரா நிக்கணும். ஃபிளாஷ மேலருந்தோ சைடுலருந்தோ குடுங்க, முன்னால வச்சா கண்ணாடில பளிச்சுனு அடிச்சி படமே போயிரும்.

நீர்த்தேள்னு இன்னொரு தண்ணிப்பூச்சி இருக்கு, அது தனி அழகு. வால் மாதிரி நீட்டிட்டு இருக்கது கொடுக்கு இல்ல, மூச்சுக்குழாய், அதோட நுனிய தண்ணிக்கு மேல வச்சிக்கிட்டு தலகீழா அசையாம இரைக்கு காத்து நிக்கும், அதனால நிதானமா எடுக்கலாம். ஆனா வெறுங்கையால புடிக்காதீங்க, வாய்ல இருக்க ஊசியால குத்திரும், நல்லா வலிக்கும். ரெண்டையும் ஒரே தொட்டில போட்டுராதீங்க, ஒண்ண ஒண்ணு தின்னுரும்.