பழைய விசிஆரை (வீடியோ கேசட் ரெக்கார்டர்) புது டிவியில் இணைத்துப் பார்த்ததில் தெரிந்தவை

இப்போது வரும் பல டிவிகளில் மஞ்சள் (படம்), சிவப்பு, வெள்ளை (ஒலி) சாக்கெட்டுகள் தனித்தனியாக இருப்பதில்லை. 'ஏவி இன்' என்று போட்ட 3.5 மி.மீ. துளை ஒன்றுதான் இருக்கும். அதற்கான கேபிளின் பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள், நான்கு பகுதிகள். பார்வைக்கு எல்லாக் கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே வயரிங் வேறு. பொருந்தாததைச் செருகினால் படம் வராமல் ஸ்பீக்கர் உறுமும். வீடியோ சிக்னல் ஆடியோ வழியில் போவதால் வரும் சத்தம் அது.

மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, மஞ்சள் பிளக்கின் வெளிவளையம் பின்னின் எந்தப் பகுதியோடு சேர்கிறது என்று பாருங்கள். டிவி கையேட்டில் கிரவுண்ட் (படத்துக்கும் ஒலிக்கும் பொதுவான இணைப்பு) காட்டியிருக்கும் அதே பகுதியென்றால் கேபிள் தேறும். மஞ்சளையும் சிவப்பையும் (அல்லது வெள்ளையையும்) விசிஆர் பக்கம் மாற்றிச் செருகினாலே படம் வந்துவிடும். கிரவுண்டே இடம் மாறியிருந்தால் வேறு கேபிள்தான் வழி.

பச்சை சாக்கெட்டில் மஞ்சளைச் செருகும் டிவிகளில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், இன்புட் மெனுவில் காம்போனென்ட் (படத்தை மூன்று கேபிள்களில் பிரித்து வாங்கும் முறை) தேர்வாகியிருக்கிறது. ஏவிக்கு மாற்றினால் கலர் வரும்.

எச்டிஎம்ஐ மட்டும் உள்ள டிவிக்கு கன்வெர்ட்டர் தேவை. ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதா என்று பார்த்து வாங்குங்கள். எதிர்த்திசைக்கானது இங்கே உதவாது. 5 வோல்ட் யுஎஸ்பி மின்சாரமும் கொடுக்க வேண்டும். மலிவான கன்வெர்ட்டர்கள் 4:3 படத்தை அகலமாக இழுத்துவிடும், முகமெல்லாம் உப்பித் தெரியும். டிவியில் 4:3 தேர்வு இருந்தால் சரிசெய்யலாம். ஏவி இன் இருக்கும் டிவிக்கு கன்வெர்ட்டரே வேண்டாம்.

அதிகம் படுத்துவது நடுநடுவே 'சிக்னல் இல்லை' என்று நீலத்திரை வருவதுதான். கேபிளை மாற்றிப் பயனில்லை. டேப் ஓடும் வேகத்தில் சிறு ஏற்ற இறக்கம் எப்போதும் உண்டு. அதனால் படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் சிங்க் துடிப்பு கொஞ்சம் முன்பின்னாக வரும். பழைய டியூப் டிவி அதை அனுசரித்துப் போகும். டிஜிட்டல் டிவி சிக்னலையே விட்டுவிடும். முதலில் விசிஆரின் டிராக்கிங்கை (ஹெட் டேப்பில் பதிந்த தடத்தின் மேல் சரியாக ஓடுவதற்கான அமைப்பு) சரிசெய்து, நல்ல நிலையிலுள்ள வேறு கேசட்டையும் போட்டுப் பாருங்கள். அப்படியும் அறுந்தால், ஏவி இன்புட் உள்ள டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைக்கலாம். சில மாடல்கள் சிங்க்கைப் புதிதாகப் போட்டு அனுப்பும், எல்லாம் அல்ல.

படத்தின் அடிவிளிம்பில் சில வரிகள் கலைந்து துடிக்கும். டேப்பைப் படிக்கும் சுழலும் ஹெட் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடம் அது. டியூப் டிவியில் விளிம்புக்கு வெளியே மறைந்திருந்தது, இப்போது கண்ணில் படுகிறது. ஹெட்டைத் துடைத்தாலும் போகாது. டிவியில் ஓவர்ஸ்கேனை (படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்புகளை வெட்டும் வசதி) ஆன் செய்தால் மறையும்.