கதைப் புத்தகத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள்

பள்ளிக்கூட நூலகம் என்றால் நம்மில் பலருக்கு நினைவு வருவது ஓர் இரும்பு பீரோ. தலைமையாசிரியர் அறையிலோ ஆய்வகத்தின் மூலையிலோ நிற்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் புத்தக முதுகுகளைத்தான் படித்தேன்.

இப்போது கடலூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். நம் அரசுப் பள்ளிகள் பலவற்றில் தனியாக நூலகர் கிடையாது, ஆசிரியர்களில் ஒருவர் தன் பாடவேளைகளோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பீரோ ஏன் பூட்டியே கிடக்கிறது என்று புரிந்தது. காரணம் சோம்பல் இல்லை, பயம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு புத்தகத்தையும் தணிக்கைக்குக் காட்டியாக வேண்டும். ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். பூட்டி வைத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. திறந்து விட்டவரைத்தான் கேட்கிறார்கள்.

நூலக இயலின் தந்தை என்று நாம் கொண்டாடும் எஸ்.ஆர்.ரங்கநாதன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். கடலூரிலிருந்து மயிலாடுதுறை ரயில் ஏறினால் சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. 1892இல் அங்கேதான் பிறந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே, புத்தகம் பயன்படுத்துவதற்குத்தான் என்பது. வாசகர் தானே போய் எடுத்துப் புரட்டிப் பார்க்கும்படி அலமாரி திறந்திருக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். எங்கள் தலைமையாசிரியரிடம் பேசப் போகும்போது இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேவையே படவில்லை. “தொலைஞ்சா தொலையட்டும் டீச்சர். பூட்டி வச்சுக் கரையான் தின்னா மட்டும் கணக்கு சரியா இருக்குமா?” என்று கேட்டுவிட்டு, பழைய பொருட்கள் கிடந்த ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்.

அந்த அறையில் இப்போது பூட்டு இல்லாத அலமாரிகள். முடிந்தவரை அட்டை முன்பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறோம், ஏனென்றால் பதினான்கு வயதுப் பிள்ளை முதுகைப் பார்த்துப் புத்தகம் எடுக்காது. மேசைக் காலில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு நோட்டு இருக்கிறது. எடுக்கிறவர்களே பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ள வேண்டும். அபராதம் கிடையாது. புத்தகங்கள் தொலைகின்றன, உண்மைதான். ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. சிலது விடுமுறை முடிந்து வேறு யாரோ கையில் திரும்பி வருகிறது. மழைக்காலத்தில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அப்பளம் மாதிரி நெளிந்து வருவதும் உண்டு. அதுவும் படித்த புத்தகம்தானே.

இதையெல்லாம்விட முக்கியம் என்று நான் நினைப்பது ஒன்று இருக்கிறது. புத்தகம் திரும்பி வரும்போது நாங்கள் எதுவும் கேட்பதில்லை. கதைச் சுருக்கம் எழுதச் சொல்வதில்லை. பிடித்த பாத்திரம் யார், கதை சொல்லும் நீதி என்ன, எத்தனை பக்கம் முடித்தாய் என்று எதுவுமே கிடையாது. அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்ற போட்டியும் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் பெரியவர்கள் இதையெல்லாம் வைக்கிறோம். ஆனால் சுருக்கம் எழுத வேண்டும் என்று தெரிந்த நிமிடமே பிள்ளை மெலிசான புத்தகமாகத் தேட ஆரம்பித்துவிடும். பரிசு என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள் நான்கு பேர் மட்டும் ஓடுவார்கள், மற்றவர்கள் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். பாடப் புத்தகத்துக்குத்தான் அன்றாடம் கேள்வி கேட்கிறோமே, இது ஒன்றாவது கேள்வி இல்லாமல் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு, தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. விடியற்காலையில் அப்பாவோடு கரையில் வேலை பார்த்துவிட்டு வருவான், முதல் பாடவேளையில் கண் சொக்கும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், அது வகுப்புக்கே தெரியும். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்தில் 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வருகின்றன. பக்கத்துக்கு நாலு வரி, பெரிய படம். அருமையான வேலை அது. பக்கத்து நடுநிலைப் பள்ளியிலிருந்து கொஞ்சம் கேட்டு வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். ஒரு நாள் இந்தப் பையன் அதில் இரண்டை எடுத்துக்கொண்டு, நான் கேட்காமலேயே, “தங்கச்சிக்கு டீச்சர்” என்றான். அவனுக்குத் தங்கை கிடையாது. “சரிப்பா, எழுதி வச்சுட்டு எடுத்துட்டுப் போ” என்றேன். அடுத்த வாரமும் தங்கச்சிக்கு எடுத்தான், அதற்கடுத்த வாரமும். பொங்கல் விடுமுறைக்கு முன்னால் மேல்தட்டிலிருந்து ஒரு பேய்க்கதைத் தொகுப்பை எடுத்தான். அது யாருக்கு என்று அவன் சொல்லவில்லை.

அவனிடம் யாராவது வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து, எங்கே கதையைச் சொல் பார்ப்போம் என்று கேட்டிருந்தால் அந்தக் கீழ்த்தட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டான்.

நாங்கள் கேட்காவிட்டாலும் பிள்ளைகள் சொல்கிறார்கள். துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைக்கும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. “முதல் முப்பது பக்கம் போர். தாண்டிட்டா சூப்பர்.” “நைட்டு படிக்காதீங்க.” “இதுல வர்ற பாட்டி எங்க ஆயா மாதிரியே.” ஒரு தடித்த சரித்திர நாவலுக்குள் மூன்று வேறு கையெழுத்துகளில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது, கதாநாயகன் செய்தது சரியா தப்பா என்று. நான் எழுதச் சொல்லியிருந்தால் இப்படி ஒரு வரிகூட வந்திருக்காது.

என்ன படிக்கிறார்கள் என்பதில் சக ஆசிரியர்களுக்குள் எப்போதும் வாக்குவாதம்தான். சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸ்களுக்குத்தான் முதல் கிராக்கி. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் இன்றைக்கும் பையன்களை இழுக்கின்றன. அவர்களுடைய அப்பாக்களும் அதே வயதில் அதைத்தான் படித்தார்கள். அப்புறம் பேய்க்கதை, துப்பறியும் கதை, கிரிக்கெட். பிளஸ் ஒன் பெண் பிள்ளைகள் குடும்ப நாவல்களை ஒரு வரிசையாக முடிக்கிறார்கள், நெல்லிக்குப்பம் பஸ்ஸில் நின்றுகொண்டே. “இதெல்லாம் ஒரு வாசிப்பா?” என்று ஒரு தமிழாசிரியர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். ஐயா, வாசிப்புதான். கண் வரியின் மேல் ஓடுகிறது, அடுத்தது என்ன என்று மனசு பறக்கிறது. அந்த ஓட்டம் பழகிய பிள்ளைதான் பின்னால் நீங்கள் விரும்பும் புத்தகத்துக்கும் வரும். வராவிட்டாலும் எனக்குக் குறையில்லை. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

பெற்றோர்களின் கேள்வி வேறு. சிங்காரத்தோப்பிலிருந்து வந்த ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். “பத்தாவது படிக்கிற புள்ளைக்குக் கதைபுக்கு குடுக்கிறீங்களே டீச்சர், மார்க்கு போயிடாதா?” நியாயமான பயம். பதினைந்து வயதுப் பிள்ளைகளை வைத்துப் பல நாடுகளில் நடக்கும் பிசா தேர்வின் 2009ஆம் ஆண்டு முடிவுகளை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அதில் கலந்துகொண்ட வளர்ந்த நாடுகளிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள், விருப்பத்துக்காகப் படிப்பதே இல்லை என்று சொன்னார்கள். தினமும் கொஞ்ச நேரமாவது பிடித்ததைப் படித்தவர்கள், படிக்காதவர்களைவிட வாசிப்புத் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தார்கள். மணிக்கணக்கில் படிப்பதைவிட, தினமும் படிப்பதுதான் பெரிய வித்தியாசமாக இருந்தது. அந்தச் சுற்றின் தொடர்ச்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு கடைசி வரிசையில் வந்ததையும் மறைக்காமல் சொன்னேன். படிப்பதால் மதிப்பெண் வருகிறதா, நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளை விரும்பிப் படிக்கிறதா என்பதை அதை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கதைப் புத்தகம் மார்க்கைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “போனைப் பாக்கிறதுக்கு இது தேவலாம்” என்றார். அதுவே போதும்.

கடலூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சொத்து இருக்கிறது. ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். அடுத்த நாள், 24, ஜெயகாந்தன் பிறந்த நாள். 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். அதற்கும் அடுத்த நாள், 25, புதுமைப்பித்தன் பிறந்த நாள், 1906இல் திருப்பாதிரிப்புலியூரில். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய ஆட்கள், ஒரே ஊரில், ஒரு நாள் இடைவெளியில்! இதைச் சொன்னதும் புதுப்பாளையம் பையன் ஒருவன், “மஞ்சக்குப்பத்துல எந்தத் தெரு டீச்சர்?” என்று கேட்டான். ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்டவர், பின்னாளில் ஞானபீட விருது வாங்கியவர் என்றதும் பின் பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்த மூன்று நாளும் விழுவது ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் சேர்கிற நேரத்தில் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளி ஓயும் அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது, நூலகமும் அப்போதுதான் மூடுகிறது. அதனால் கடைசித் தேர்வு முடிந்து வெளியே வரும்போது வாசலில் மேசை போட்டுவிடுகிறோம். ஆளுக்கு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஜூனில் கொண்டுவந்தால் போதும்.

அதற்குத்தான் புத்தகம் போதவில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறவர்கள் பழைய புத்தகம் தர விரும்பினால், உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் அரசுப் பள்ளியில் ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். பழைய கைடும் போட்டித் தேர்வுப் புத்தகமும் ஏற்கெனவே நிறையவே வந்து சேர்கின்றன. எங்களுக்கு வேண்டியது காமிக்ஸ், பேய்க்கதை, துப்பறியும் நாவல், விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதை, பெரிய எழுத்தில் அச்சான மெலிசான புத்தகங்கள். ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி கிடைத்தால் இரண்டையும் கொடுங்கள், நண்பர்கள் சேர்ந்து படிப்பார்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.