பல் சொன்னதும் கணுக்கால் சொன்னதும்

ஜூன் 3

மேசையில் இரண்டு மண்டை ஓட்டு அச்சுகள்: ஓநாய், தைலசின் (டாஸ்மேனியாவில் வாழ்ந்து அழிந்துபோன, கங்காருபோல் வயிற்றுப்பை உள்ள விலங்கு). நீண்ட முகம், கூரிய கோரைப்பல், பார்த்தால் அண்ணன் தம்பிதான். கவிழ்த்தால் கதை வேறு. மேல்தாடையில் பக்கத்துக்கு ஓநாய்க்கு 3 வெட்டுப்பற்கள், 2 கடைவாய்ப்பற்கள். தைலசினுக்கு இரண்டிலும் 4. தைலசினின் கீழ்த்தாடைப் பின்மூலை உள்பக்கமாக மடிந்திருக்கிறது. கங்காருவுக்கும் இதே மடிப்பு உண்டு. முகம் வேட்டையால் வந்தது, மடிப்பு பரம்பரையில் வந்தது.

ஜூன் 5

எந்த விலங்கு எதற்கு உறவு என்று பார்க்க, விலங்குகளின் எலும்பு, பல் பண்புகளை அட்டவணையில் நிரப்பினேன். பண்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, எலும்பே கிடைக்காவிட்டால் கேள்விக்குறி. கணினி வரைந்த முதல் கிளைப்படத்தில் தைலசின் ஓநாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. வருத்தமாக இருந்தது.

ஜூன் 9

இன்று முழுக்கத் திமிங்கலம். பழந்திமிங்கலங்களின் முக்கோணப் பற்களை வைத்து, மெசோனிக்கிட் என்ற அழிந்துபோன ஊனுண்ணிகளிலிருந்து அவை வந்தன என்று 1960களில் சொன்னார்கள். 1990களில் டிஎன்ஏ நீர்யானையைக் கைகாட்டியது. எலும்பைப் படித்தவர்களில் பலர் தயங்கினார்கள். நீர்யானையின் உறவுக்காரர்களுக்கு அடையாளமே கணுக்கால் எலும்புதான்; அதைப் பார்த்துவிடலாம் என்றால் இன்றைய திமிங்கலத்துக்குப் பின்னங்காலே கிடையாது.

2001இல் தொல்லுயிரியலாளர்கள் பிலிப் கிஞ்சரிக் குழுவும் ஹான்ஸ் தெவிசன் குழுவும் பாகிஸ்தானில் கிடைத்த, கால் இருந்த திமிங்கலங்களை விவரித்தன. அஸ்ட்ராகலஸ் என்ற கணுக்கால் எலும்பின் மேலேயும் கீழேயும் கப்பி போன்ற வடிவம்! மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை எல்லாவற்றுக்கும் இருக்கும் அதே இரட்டைக் கப்பி. படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

எலும்பு தோற்றது, டிஎன்ஏ வென்றது என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கால் இருந்த திமிங்கலங்களில் ஒன்றான, சுமார் 4.7 கோடி ஆண்டு பழைய ரோடோசீட்டஸிடமிருந்து டிஎன்ஏ எடுக்க முடியாது. அதற்காகப் பேச எலும்புதான் உண்டு. பல்லை அளவுக்கு மேல் நம்பியதுதான் பிழை.

ஜூன் 10

காஷ்மீர்ப் பகுதியில் புதைபடிவமாகக் கிடைத்த இந்தோஹையஸ் என்ற விலங்கு பற்றி 2007இல் வந்த கட்டுரை. பூனை அளவு, மெல்லிய கால், குளம்பு. ஆனால் செவி எலும்பின் உட்சுவர் திமிங்கலத்துக்குப் போலவே தடித்திருக்கிறது.

ஜூன் 12

அட்டவணையின் பல் பகுதியை மறுபடி பார்த்தேன். மூன்று பண்புகள் இறைச்சி அறுக்கும் விளிம்பைப் பற்றியவை; ஒன்று மாறினால் மற்றவையும் கூடவே மாறும். மூன்று சாட்சி என்று எண்ணியிருந்தேன், ஒரே சாட்சிதான் மூன்று முறை பேசியிருக்கிறது. சரி, மூன்றையும் ஒன்றாக்கினேன். அப்புறம் தாடை மடிப்பை, விட்டுப்போன இரண்டு விலங்குகளுக்கும் பார்த்துக் குறித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். தைலசின் கங்காருவிடம் போய்ச் சேர்ந்தது.